அகலச் சில்லு

தை மாதத்து முழு நிலா கடலுக்கு மேலே ஓர் ஆள் உயரம் ஏறியிருந்தபோது, மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆன்றன் தன் கடை மொட்டைமாடியில் புதிதாக வாங்கி நிறுத்திய டெலஸ்கோப்பில் முதல் ஆளாகக் கண் வைத்தது அவன் அம்மா. வைத்த கண்ணை எடுக்காமலே அவள், "நம்ம விக்டர் முடி வெட்டியிருக்கான்" என்றாள். விக்டர் அவளுடைய மூத்த மகன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். போன் போட்டுக் கேட்டதற்கு ஆமாம், சாயங்காலம்தான் வெட்டினேன், இப்போது மாடியில் துணி எடுக்க நிற்கிறேன், நிலா நல்லா இருக்கு என்று அவன் சொன்னான், அவளும் சரிடே, ஈரத்தலையோடு நிற்காதே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இங்கே தெரிகிற நிலாதான் அங்கேயும் தெரிகிறது, அங்கே நிற்கிறவன் மேல் விழுகிற வெளிச்சம்தான் இங்கே நம் முற்றத்திலும் விழுகிறது, அப்படியிருக்க அவன் முகம் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவதற்கு என்ன என்றுதான் வடதாழையில் பேசிக்கொண்டோம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளியே இருக்கிறது. மீனுக்கும் கப்பலுக்கும் நர்ஸ் வேலைக்கும் போன பிள்ளைகளை எண்ணி முடித்தால் கோயிலில் பாதி பெஞ்சு காலி. ஆகையால் மறுநாளே ஊர்க் கமிட்டி கூடி, அந்த டெலஸ்கோப்புக் குழாயை ஊர்ப் பொதுவாக வைத்துக்கொண்டு, நிலா முழுதாக இருக்கும் மாலைகளில் ஜெபமாலை முடிந்ததும் குழாயடிக்கு வரலாம், கிழக்கே சிங்கப்பூர் மலேசியாக்காரர்களின் தாய்மார் முதலில், வளைகுடாக்காரர்களின் தாய்மார் அங்கேயும் நிலா எழும்பும்வரை பொறுத்துச் சாப்பிட்டுவிட்டு, அமெரிக்காக்காரர்கள் விடியலில் மேற்கே நிலா இறங்கும்போது என்று ஒழுங்கு செய்தது. பெற்றவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. அதுவும் தன் பிள்ளையும், அந்தப் பிள்ளையைச் சுற்றி இருப்பதும்தான். மற்றவர்களுக்கு வெறும் நிலா, அம்மைத் தழும்போடு. புதிதாக வந்திருந்த பங்குச்சாமி ஆயருக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, பார்ப்பதற்கு முன் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள் என்பதோடு விட்டுவிட்டார்.

பிறகு இது மற்ற காரியங்களைப் போல ஆகிவிட்டது. பிள்ளைகள் முழு நிலாவுக்குச் சவரம் செய்துகொண்டார்கள். மருமகள்கள் அன்று ஜன்னல் சாத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளும் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஊரே திகைத்து, நாலைந்து வீடுகளில் போனில் பெரிய சண்டை நடந்த பிறகுதான் ஆன்றன் சொன்னான், இந்தக் குழாயின் முழங்கையில் ஒரு கண்ணாடி இருக்கிறது, அது இடத்தை வலமாகக் காட்டும் என்று. "அதை முந்தியே சொல்லுறதுக்கு என்னடே" என்று அவன் அம்மாவே அவனை வைதாள்.

ஆனால் எல்லாம் நல்லதாகவே தெரியவில்லை. மேனேஜர் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். தனி அறை என்று சொன்னவன் எட்டுப் பேரோடு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான். தாய்மார் கீழே இறங்கி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கான், சதை போட்டிருக்கான்" என்றார்கள். கேட்டவர்களும் அப்படியா சந்தோஷம் என்றார்கள். யாரும் யாரையும் அதற்கு மேல் கேட்கக்கூடாது என்பது சொல்லாமலே ஊர் வழக்கமாயிற்று.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் டெல்பின் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள், நினைத்தால் ஓடிவரலாம். மகன் லெயோன் வளைகுடாவில் ஒரு அரபி முதலாளியின் லாஞ்சியில் மீன் பிடிக்கிறான். அவனுடைய அப்பா போன பிறகு கடலுக்குப் போகாதே என்று நான் சொன்னதற்கு, இங்கே போகவில்லை அம்மா, அங்கேதானே போகிறேன் என்று சிரித்தவன். சித்திரை நிலாவிலும் அவனைப் பார்த்தேன். லாஞ்சி ஓரத்தில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். தலை நிமிரவேயில்லை; ஆனாலும் பார்த்தேன், அது போதும் என்று வந்து முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

வைகாசிக்குள் அவன் போன் நின்றுபோயிற்று. ஞாயிறு தவறாமல் பேசுகிறவன். ஏஜெண்டிடம் கேட்டால், "லாஞ்சி கடல்ல இருக்கும்மா, டவர் கிடைக்காது" என்றான். மறுவாரமும் அதையே சொன்னான், அதற்கு அடுத்த வாரம் போனை எடுக்கவில்லை. வைகாசி முழு நிலா அன்று நான் வரிசையில் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்து, என் முறை வந்து, குனிந்தும் குனியாமலும் இருக்கையில், பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. யார் கை பட்டதோ, குழாயின் தலையில் சொருகியிருந்த கண்சில்லு கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போயிற்று. ஐபீஸ் என்று ஆன்றன் சொல்வதைத்தான் நாங்கள் கண்சில்லு என்போம். குழாய் வெளிச்சத்தைப் பிடித்துக் கொண்டுவரும், சில்லுதான் அதை நம் கண்ணுக்கு விரித்துக் காட்டும். சில்லு இல்லாத குழாய் வெறும் குழாய். அன்று வானத்தில் நிலா தேங்காய்த் துருவலைப் போல வெள்ளையாக இருந்தது, அதில் என் பிள்ளை இருந்தான், என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனி நிலாவுக்குள் புதுச் சில்லு வாங்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. ஊர்ப் பணத்தில் ஒரு தடவைதான் வாங்க முடியும், அதற்குள் எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

ஆன்றன் கடைக்குப் போய் அவனுடைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். "சித்தி, சில்லு மேல ஒரு நம்பர் போட்டிருக்கும். நம்பர் பெருசானா நிலா சின்னதா, அகலமா, வெளிச்சமா தெரியும். நம்பர் சின்னதானா நிலா பெருசா கிட்ட வரும், ஆனா இருட்டும், நடுங்கும், கொஞ்சூண்டுதான் தெரியும்" என்றான். "நம்ம குழாய் சின்னது. அது வாய் எவ்வளவு வெளிச்சம் குடிக்குதோ அவ்வளவுக்குத்தான் பெருசாக்கலாம். அதுக்கு மேல இழுத்தா, ரப்பரை இழுத்தாப்ல மெலிஞ்சு போவும். பெட்டியில ஐந்நூத்துச் சொச்சம் மடங்குன்னு போட்டிருக்கானே, அது பெட்டிக்கு வெளியதான் சித்தி."

பிறகு என் மூக்குக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "உங்களுக்கு சிலிண்டர் பவர். வெறும் கிட்டப்பார்வைன்னா கண்ணாடியைக் கழட்டிட்டு குழாயத் திருகிச் சரிபண்ணிரலாம். இது கழட்டுனா எல்லாம் கோணலா இழுத்துக்கிட்டுப் போவும். கண்ணாடியோட பாக்கணும்னா சில்லுல இருந்து கண்ணைத் தள்ளி வச்சாலும் முழுசாத் தெரியணும். சின்ன நம்பர் சில்லுல இமை முடி கண்ணாடியில இடிக்கும், ஊசிக் காதுல எட்டிப் பாக்க மாதிரி."

"அப்ப எது வாங்கணும்?"

"ஒண்ணே ஒண்ணு. முப்பத்திரண்டாம் நம்பர், ப்ளாசல்னு ஒரு வகை. அதுக்கு மேல நல்லதெல்லாம் நம்ம ஊருக்கு எட்டாது. அதுக்குக் கீழ உள்ளது பிளாஸ்டிக்."

அதை நான் கமிட்டியில் சொன்னபோது எதிர்த்தவள் பிலோமினா மைனி. அவள் மகன் ஜெரால்டும் வளைகுடாவில்தான், கரையில், ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்வாள். "அகலமா பாத்து என்ன செய்ய? பிள்ள முகம் பக்கத்துல வந்தா போதும். அவன் எங்க கிடக்கான், என்னத்தத் திங்கான், யாரோட படுக்கான், இதெல்லாம் எதுக்கு நமக்கு?" என்றாள், கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களுக்குத் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று தெரியும், அதனால் முகம் மட்டும் போதும். எனக்கு எங்கே என்பதே தெரியாது.

கமிட்டித் தலைவர் ரேமண்ட் மச்சாது அண்ணாச்சி பழைய வளைகுடாக்காரர், இரண்டு பக்கமும் பேச விட்டுவிட்டு, கடைசியில் எங்கள் ஊரில் எதற்கும் சொல்கிறதையே சொன்னார்: "அந்தோணியார்ட்ட கேட்டுருவோம்." எங்களுக்குள் ஒத்துவராத எதையும், பங்குப் பாட்டு யார் பாடுவது என்பதிலிருந்து எந்த வீட்டுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் போடுவது என்பதுவரை, அந்தோணியார் பீடத்தில் திருவுளச் சீட்டு போட்டுத்தான் தீர்ப்போம். விழுந்த சீட்டுக்கு எதிராகப் பேசியவர் வீட்டில் அந்த வருஷம் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

கோயில் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். மைனி பக்கத்தார் கேட்ட, கிட்டத்தில் காட்டும் நாலாம் நம்பர் சில்லும், அதை மூன்று மடங்காக்கும் ஒரு குழலும் சேர்ந்த செட்டு என்று வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனி நிலா எழும்பிய மாலையில் ஊர் அமைதியாக இருந்தது. சிங்கப்பூர்த் தாய்மார் ஒவ்வொருவராகக் கண் வைத்தார்கள். வைத்த வேகத்தில், "எங்க, போயிட்டே", "திருப்பு, திருப்பு" என்றார்கள், ஏனென்றால் அவ்வளவு கிட்டத்தில் இழுத்தால் நிலா நிற்காமல் ஓடுகிறது, ஆன்றன் குழாயை நகர்த்திப் பிடித்துக்கொடுப்பதற்குள் பிள்ளை தாண்டிப்போய்விடுகிறான். ஆனாலும் இறங்கி வந்தவர்கள் எல்லோரும், "நல்லாத் தெரியுது, தொட்டுரலாம் போல" என்றார்கள். சீட்டு சொன்ன சில்லு. வேறு எப்படிச் சொல்வது. பிலோமினா மைனியும் பார்த்துவிட்டு வந்து, முகம் பெரிசாத் தெரிஞ்சுது என்று சொன்னாள், சொல்லும்போது படிக்கட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள்.

என் முறை வந்தது. கண்ணாடியோடு குனிந்தேன், கண்ணாடி சில்லில் இடித்தது, நடுவில் ஒரு கடுகளவு வெளிச்சம்தான். கழற்றிவிட்டுக் குனிந்தேன். பாலில் கரைத்த சாம்பல் போல ஒரு பரப்பு, அதில் ஏதோ வெள்ளையாக நீளமாக, அதன் ஓரத்தில் ஒரு கால் போல. ஒரு கால்தான். அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்தில் கரைந்து இருட்டுக்குள் போயிற்று.

"என்ன லூர்து, தெரிஞ்சானா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர்களைப் போல நானும் நல்லா இருக்கான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "வெள்ளத் துணி போத்தியிருக்கு" என்றேன். "அசையல."

மாடியில் நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள், இன்னொருத்தி என் தலையை அவிழ்த்துவிட்டாள், அழுகை கீழே தெருவுக்கு இறங்கி, வரிசை கலைந்து, அடுப்பை அணைக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு ஆள் போய், உபதேசியார் கோயில் சாவியை எடுத்துக்கொண்டு துக்கமணி அடிக்க நடந்தார். எங்கள் ஊரில் ஒருவனுக்குத் துக்கமணி அடித்துவிட்டால் பிறகு அவனைத் தேடுகிற வேலை நின்றுவிடும். ஏஜெண்டுக்கு அது போதும், முதலாளிக்கு அது போதும், ஊரும் ஏழாம் நாள் பூசைக்கு ஏற்பாடு பண்ணப் போய்விடும். நான் எழுந்து ஓடினேன். அவிழ்ந்த தலையோடு கோயில் வாசலில் அவரை மறித்தேன்.

"அண்ணாவி, நான் அவன் முகத்தைப் பாக்கல. ஒரு காலைத்தான் பாத்தேன். காலுக்கு மணி அடிக்காதீங்க."

"தாயி, பெத்தவ கண்ணுக்குத் தெரிஞ்சது பொய்யாவுமா?"

"சில்லுதான் அப்படி. எங் கண்ணும் அப்படித்தான்."

பின்னால் வந்த ரேமண்ட் அண்ணாச்சி முகம் கறுத்தார். "சில்லு அந்தோணியார் சொன்னது. யோசிச்சுப் பேசு தங்கச்சி." பிறகு என் தலையைப் பார்த்தவர், குரலைத் தணித்துக்கொண்டு, "சரி. நாளைக்கும் நிலா முக்கால்வாசிக்கு மேல இருக்கும். நாளை ராச்சாப்பாட்டு நேரம் வரைக்கும் மணி பொறுக்கட்டும்" என்றார்.

விடிந்ததும், வேளாங்கண்ணி நேர்ச்சைக்கென்று டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். உடைந்த சில்லின் உலோகக் கழுத்தை ஆன்றன் என் கையில் கொடுத்து, "இது அளவு. புதுசோட கழுத்தும் இதே அளவுல இருக்கணும், இல்லைன்னா எவ்வளவு நல்லதா இருந்தாலும் சொருக முடியாது" என்றான். அவனுக்குத் தெரிந்த கடை ஒன்று பாளையங்கோட்டையில் இருந்தது. பஸ்ஸில் ஜெபமாலையும் அந்தக் கழுத்தும் ஒரே கையில் இருந்தன, எதை உருட்டுகிறேன் என்று தெரியாமல் உருட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் வியாபாரி. அலுமினியப் பெட்டியைத் திறந்து வைத்தார். உள்ளே கறுப்புப் பஞ்சில் எட்டுச் சில்லுகள், கூடவே பச்சை, மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகள், பார்க்க நகைக்கடை மாதிரி. "ஒரு சில்லு விலைக்குக் கொஞ்சம் மேல போட்டா இவ்வளவும் உங்களுக்கு. எதுக்குமா ஒண்ணை வாங்கிட்டுப் போறீங்க?" என்றார்.

என் கை அந்தப் பெட்டிக்குப் போனது உண்மை. எட்டு இருந்தால் ஊருக்கே ஆகும், சீட்டுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் ஆன்றன் சொல்லியிருந்தபடி ஒவ்வொன்றாக எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்தவை ஜன்னல் கண்ணாடியைப் போல லைட்டை வெள்ளையாகத் திருப்பி அடித்தன. வருகிற வெளிச்சத்தை வாசலிலேயே விரட்டிவிட்டால் நிலாவில் இருக்கிற பிள்ளைக்கு என்ன மிஞ்சும். தனியாக இருந்த முப்பத்திரண்டாம் நம்பரில் அதே லைட் பச்சையும் ஊதாவுமாக மங்கி உள்ளே இறங்கியது. தூக்கினால் கனமாக இருந்தது. கழுத்து இரும்பு, நான் கொண்டுபோன கழுத்தின் அளவேதான்.

"வச்சுப் பாக்கணும்" என்றேன்.

"பகல்ல என்னம்மா பாப்பீங்க?"

"அந்தச் சிலுவையை."

கடை வாசலில் நின்ற குழாயைத் தெருக்கோடிக் கோயில் கோபுரத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். முதலில் பெட்டியிலிருந்து ஒன்று. சிலுவை நடுவில் இருக்கும்போது நேராக இருந்தது, குழாயைச் சற்று நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோனால் வில்லாக வளைந்தது, ஓரமெல்லாம் ஊதாவாகக் கசிந்தது. இன்னொன்று. அதில் கண்ணாடி இடித்தது. மூன்றாவதில் என் இமைதான் தெரிந்தது. பிறகு முப்பத்திரண்டு. கண்ணாடியைக் கழற்றாமல், கண்ணை ஒரு விரற்கடை தள்ளி வைத்தபடியே பார்த்தேன். சிலுவை சின்னதாக, கூர்மையாக நின்றது, அதைச் சுற்றிக் கோபுரமும், கோபுரத்தைச் சுற்றி வானமும், வானத்தில் ஒரு காக்கையும் முழுசாக இருந்தன. ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கடைசி விளிம்பில்தான் கொஞ்சம் சோர்ந்தது. அது பொறுத்துக்கொள்ளலாம்.

"நேர்ச்சைப் பணம் இது" என்று முடிச்சை அவிழ்க்கும்போது சொன்னேன், கடைக்காரரிடம் இல்லை. மாதா கேட்டுக்கொண்டிருப்பாள்.

திரும்பி வரும் பஸ் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி குறுக்கே கிடந்தது. பகல் போய்க்கொண்டே இருந்தது, டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார், நான் மடியில் அந்தச் சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு, வண்டி நகரட்டும் என்று கேட்காமல், உபதேசியார் கை நகராமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டது. ஊர் விலக்கில் இறங்கியபோது கடல் மேல் நிலா ஏறி, ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்து, செம்மை கழிந்து வெளுத்துக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். மணிச் சத்தம் இல்லை.

மொட்டைமாடி நிறைய ஆள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் ரேமண்ட் அண்ணாச்சி குழாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"இது ஊர்க் குழாய். ஊர்ச் சீட்டு விழுந்த சில்லு அதுல இருக்கு. அந்தோணியாருக்கு மேல போறியா நீ?"

"அண்ணாச்சி, காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவருதானே அவரு. நாம அவருகிட்ட எந்தச் சில்லுன்னு கேட்டோம், அவரும் சொன்னாரு. எம் பிள்ள எங்கன்னு நாம கேக்கவே இல்லையே. அதை நான் இப்ப கேக்கேன்."

அவர் விலகவில்லை. உபதேசியார் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கூட்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பிலோமினா மைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழாயின் தலையில் இருந்த நாலாம் நம்பரை அந்தக் குழலோடு சேர்த்துத் தன் கையாலேயே திருகி எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடு" என்றாள் ஆன்றனிடம்.

"மைனி, நீங்கதானே" என்று யாரோ தொடங்கினார்கள்.

"நாந்தான். போடுடே."

அண்ணாச்சி ஓரடி ஒதுங்கினார். ஆன்றன் சொருகித் திருகினான். அருள்நிறை மந்திரத்தில் பாதி சொல்லும்போதே நான் கண்ணாடியோடு குனிந்துவிட்டேன்.

நிலா மொத்தமும் பார்வைக்குள் இருந்தது. கையில் எடுத்துக்கொள்கிற அளவில், விளிம்பு கூர்மையாக, சுற்றிலும் கறுப்பு வானத்தோடு, ஓடாமல் நிதானமாக நின்றது. அதன் சாம்பல் மைதானத்தில் ஒரு துறை தெரிந்தது. மதில் சுவர். மதிலை ஒட்டி ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்ட லாஞ்சிகள், அதில் ஒன்றின் தளத்தில் ஈரத் துணியைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டு அதற்குக் கீழே வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். நேற்றுப் பார்த்த வெள்ளை அந்தத் துணிதான். அதற்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கால் எனக்குத் தெரியும், பெருவிரல் நகம் சின்ன வயதிலேயே நங்கூரத்தில் நசுங்கிப்போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் இன்னொரு காலைச் சொறிந்தது.

"இருக்கான்" என்றேன்.

"எங்க இருக்கான்?" என்று பின்னாலிருந்து அண்ணாச்சி கேட்டார். "சுத்தி என்ன தெரியுது? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"மதில். மதில் மேல கம்பி. துப்பாக்கியோட ஒருத்தன் நாற்காலியில உக்காந்திருக்கான். அவனுக்குப் பின்னால உசரமா ஒரு தண்ணித் தொட்டி, மூணு காலு, மேல குறுக்க ரெண்டு பட்டை அடிச்சிருக்கு."

"மூணு காலா?"

"மூணுதான்."

"சரிதான்." அவர் குரல் மாறியிருந்தது. "எல்லை தாண்டுன லாஞ்சியப் பிடிச்சா அந்தத் தொறையிலதான் கட்டுவானுவ. நானே அங்க இருபது நாள் கெடந்திருக்கேன். ஆளுவள ஒண்ணும் பண்ண மாட்டான், முதலாளி வந்து பேசுறவரைக்கும் விடமாட்டான். ஆன்றா, அந்த ஏஜெண்டுக்குப் போனைப் போடு, எடுக்காட்டா அவன் வீட்டுக்கே ஆளை அனுப்பு. எடம் தெரிஞ்சு போச்சுன்னு சொல்லு."

உபதேசியார் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஆட்கள் படிக்கட்டில் கீழே ஓடினார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. லெயோனுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் திரும்பிப் படுத்தான், தாடிக்குள் அவன் முகம் வெளிச்சத்துக்கு வந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து. நான் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்ட முகம்தான் அதுவும், லெயோனோடு ஒன்றாக எங்கள் முற்றத்தில் நின்று குளித்த பிள்ளை. ஜெரால்ட்.

நிமிர்ந்து பார்த்தேன். பிலோமினா மைனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் வேலையிலிருந்து அவன் எப்போது லாஞ்சிக்குப் போனான், கடைசியாக எப்போது பேசினான், இதெல்லாம் கேட்கக்கூடாதவை. அவள் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டியதும் இல்லை.

"எம் பிள்ளையும் அங்கதானா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆமா மைனி. வாங்க."

"எனக்கு வேண்டாம். நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லு."

"நான் சொன்னா அது எல்லாரும் இறங்கி வந்து சொல்லுற மாதிரி ஆயிரும். நீங்க பாருங்க. அகலமாத்தான் இருக்கும். நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். குனிந்தாள். அவள் முதுகு என் கைக்குக் கீழே ஒரு தடவை தூக்கிப்போட்டது, பிறகு அடங்கியது. கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, கீழே ஆன்றன் போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"மெலிஞ்சுட்டான்" என்றாள் கடைசியில். "ரொம்ப மெலிஞ்சுட்டான் லூர்து."

"ம்."

"ஒருத்தனும் சொல்லல. நானும்தான் சொல்லல." மூக்கை உறிஞ்சினாள், கண்ணை எடுக்கவில்லை. "இரு. லெயோன் எந்திரிக்கான்."

என் கை அவள் தோளில் இறுகியது. குழாயைத் தா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

"உக்காந்துட்டான். கையில ஒரு கேன். துப்பாக்கிக்காரன் குடுத்தது போல. ஆட்டிப் பாக்கான், கொஞ்சந்தான் இருக்கு போல தண்ணி."

"குடிக்கானா?"

"இல்ல. எம் மவன் தலையத் தூக்கிப் பிடிக்கான். அவனுக்கு ஊத்துதான் மொதல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். நிலா எனக்கு வெறும் வெள்ளைக் கசிவாக இருந்தது.

"லெயோன் குடிச்சானா மைனி?"

"பொறு. மிச்சம் இருக்கு" என்றாள். "இப்பத்தான் வாய்க்குக் கொண்டு போறான். குடிக்கான். குடிக்கான் லூர்து."